செருப்பைக் கழற்றுவதா

கோட்டை வாசலில் ஜெராட் எண்ணத் தொடங்கினான்: ஒன்று.
பட்டியல் அவனுடைய போனில் இருந்தது.
பதினொரு இடம், ஒரு பகல்,
இரண்டு மோட்டார் சைக்கிள், நாலு பேர்.

எனக்குப் பின்னால் பிரபாலினி,
தலைக்கவசத்துக்குள் ஏதோ முணுமுணுத்தபடி.
ஜெராட்டுக்குப் பின்னால் பஸ்லான்.
புத்தளத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவன்,
கண் சிவந்து,
எங்கே போகிறோம் என்றும் கேளாமல்.

அகழியில் பாசி. மதிலில் குடை பிடித்த காதலர்.
ஒல்லாந்தர் கட்டின கோயில்
சுண்ணாம்பும் கல்லுமாய்ச் சரிந்து கிடந்தது.
நான் காப்புறுதிக் கந்தோரில் சேதம் மதிக்கிறவள்.
பழக்க தோஷம்,
மனதுக்குள் படிவம் நிரப்பினேன்.
கட்டடத்தின் வயது: முந்நூறுக்குக் கிட்ட.
சேதத்தின் காரணம்: செல்.
யாருடைய செல் என்று எழுத
அந்தக் கூடு போதாது.

"எந்த வருசம் விழுந்தது?"
அன்றைக்கு முதல்முறை பஸ்லான் வாய் திறந்தான்.
"தொண்ணூறு" என்றாள் பிரபாலினி.
"ம்" என்றான்.
அந்த "ம்"மை நாங்கள் ஒருவரும்
திரும்பிப் பார்க்கவில்லை.
ஜெராட் அதற்குள் படியிறங்கி
"ரெண்டு, சங்கானை!" என்று கத்தினான்.

சங்கானையில் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.
கூரையில்லாத கோயிலின் நடுவே
பிரசங்கத்துக்கு எழும்பினமாதிரி ஒரு ஆடு.
சுவரெல்லாம் முருகைக்கல்.
ஒவ்வொரு கல்லிலும் ஆயிரம் கண்ணறை,
ஒருகாலம் கடலுக்குள் உயிரோடிருந்தவை.
நகத்தின் நுனி மட்டும் உள்ளே போகும்.
போர்த்துக்கேயரா ஒல்லாந்தரா என்று
இருவரும் பிடுங்குப்பட,
நான் கேட்டேன்: "செருப்பைக் கழட்டுறதா?"
"பீடமே இல்லை, ஆருக்குக் கழட்டப் போறாய்?"
சொன்னது ஜெராட்.
பேசாலையில் பூசைக்கு மணியடித்து வளர்ந்தவன்.
"ஆடும் கழட்டேல்லை" என்றாள் பிரபாலினி.
சிரித்தோம்.
வளைவின் கீழ் நின்று படமெடுத்தோம்.
எல்லாப் படத்திலும் பஸ்லான்
சட்டைப்பையில் கை வைத்தபடி.

சந்திக் கடையில் நெக்டோ குடிக்கும்போதுதான்
அந்தப் பையிலிருந்ததை எடுத்தான்.
பார்மசிக் கடதாசிப் பை ஒன்றின் பின்பக்கம்,
நீலப் பேனையில் ஒரு வீடு.
உம்மா கீறித் தந்ததாம்.
கிணறு, மாதுளை, குறுக்கே ஒரு ஒழுங்கை.
குசினி மட்டும்
மிச்ச வீட்டைவிடப் பெரிதாக இருந்தது.
"உங்கட பட்டியல்ல இது இருக்காது" என்றான்.
"சோனகதெரு."

ஒழுங்கையை மூன்று தரம் தவறவிட்டோம்.
மாதுளை இல்லை. கிணறு இருந்தது,
தகரம் போட்டு மூடி.
முழங்கால் உயரத்துக்குச் சுவர்,
உள்ளே சிவப்புச் சீமெந்து நிலம்,
அதைப் பிளந்துகொண்டு ஒரு பப்பாசி.
பலகை இல்லை. டிக்கெட் இல்லை.
வயது முப்பத்துச் சொச்சம்.
பழசு என்று சொல்ல அது காணாது,
புதிது என்று சொல்லவும் வாய் வராது.

"ரெண்டு மணித்தியாலம் குடுத்தவங்களாம்" என்றான்.
கொஞ்சம் பொறுத்து,
"உம்மா அரிசி ஊறப் போட்டிருந்தவ.
அதைத்தான் இண்டைக்கும் சொல்லுவா."
எங்களில் ஒருத்தருக்கும் சொல்ல ஒன்றுமில்லை.
கொடுத்தவர்கள் பேசியதும்
எங்கள் தமிழ்தான்.

"வாசல் எது?" என்று கேட்டான் ஜெராட்.
எந்தப் பக்கத்தாலும் கால்வைத்து ஏறலாம்,
அவ்வளவு பதிவு சுவர்.
பஸ்லான் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
கிழக்கே இரண்டு கட்டைகளுக்கு நடுவே காட்டினான்.
ஜெராட் நெருஞ்சிக்குள்ளால் சுற்றிப் போனான்.
போனை அணைத்துப் பையில் வைத்தான்.
அந்த இடைவெளியில் நின்று
செருப்பைக் கழற்றி ஓரமாய் விட்டு
உள்ளே போனான்.
பிறகு பிரபாலினி. பிறகு நான்.

பஸ்லான் சப்பாத்துப் போட்டிருந்தான்.
குந்தியிருந்து கயிறை அவிழ்க்க
கனநேரம் எடுத்தது.
சுடுகிற சீமெந்தில் கால் மாற்றிக் கால் மாற்றி,
வீட்டுக்காரன் வரட்டும் என்று
நாங்கள் நின்றோம்.